80 பக்கங்களில் 41 குறுங்கதைகள்: ஒரு தொகுப்பைக் கோத்த விதம்

என்னுடைய குறுங்கதைத் தொகுப்பு அச்சுக்குப் போயிருக்கிறது. ஏ5 அளவில் 80 பக்கங்கள், 41 கதைகள். மிகச் சிறிய கதை 36 சொற்களில் முடிகிறது, மிகப் பெரியது எதிரெதிர்ப் பக்கங்கள் இரண்டை நிரப்புகிறது. கதைகளை எழுத ஒன்பது ஆண்டுகள் ஆயின. எழுதி முடித்தவற்றை ஒரு நூலாகக் கோக்க மேலும் பதினொரு மாதங்கள் ஆகும் என்று நான் எதிர்பார்க்கவில்லை. இந்தப் பதிவு அந்தப் பதினொரு மாத வேலையைப் பற்றியது. கதைகளை ஒன்றன்பின் ஒன்றாக அடுக்கிவிட்டால் தொகுப்பு ஆகிவிடும் என்ற எண்ணத்தோடுதான் நானும் தொடங்கினேன்.

தொடக்கத்தில் கையில் இருந்தவை 68 கதைகள். அவற்றில் பாதிக்கும் மேற்பட்டவை ஒருங்குறிக்கு (யூனிகோடுக்கு) முந்தைய எழுத்துருக்களில் தட்டச்சு செய்யப்பட்டவை என்பதால், முதல் இரண்டு வாரங்கள் இலக்கியத்தோடு தொடர்பில்லாத துப்புரவுப் பணியில் கழிந்தன. மாற்றி முடித்த கோப்பில் 'பார்த்தான்' என்பது பல இடங்களில் 'பரர்த்தான்' என்று நின்றது. பழைய எழுத்துருவில் காலும் ரகரமும் கண்ணுக்கு ஒன்றுபோலத் தெரிந்ததால், அன்று நான் விரல்போன போக்கில் அடித்த தவறுகள் இன்று வெளியே வந்தன. இதைவிடத் தந்திரமானது ஔகாரம். 'கௌரவம்' என்ற சொல்லை ஒற்றைக்கொம்பு, ககரம், ளகரம் என்று தனித்தனியாகச் சேர்த்து அடித்திருந்தால் 'கெளரவம்' என்று வரும். கண் இரண்டுக்கும் வேறுபாடு காணாது, தேடுபொறியும் சொற்பிழை திருத்தியும் காணும். இத்தகைய இடங்களை ஒட்டுமொத்தமாக மாற்ற முயன்று 'கெளுத்தி' என்ற மீன் பெயரையும் 'கௌத்தி' என்கிற வடிவத்துக்கு அருகே கொண்டுபோய்விட்டேன் என்பதால், பிறகு ஒவ்வோர் இடத்தையும் கண்ணால் பார்த்தே திருத்தினேன்.

அடுத்து எழுந்த கேள்வி அளவு. குறுங்கதைக்குச் சொற்கணக்கில் எல்லை வகுப்பது பரவலான வழக்கம்: ஆயிரம் சொற்களுக்குள் என்பார்கள், சரியாக நூறு சொற்கள் என்பார்கள், 1987இல் அமெரிக்க வார இதழ் ஒன்று தொடங்கிய போட்டியிலிருந்து பரவிய 55 சொல் கதையும் உண்டு. தமிழில் இந்தக் கணக்கு நிலைகொள்வதில்லை. 'போய்க்கொண்டிருந்தான்' என்று சேர்த்து எழுதினால் ஒரு சொல், பிரித்து எழுதினால் இரண்டு. முன்னொரு முறை நூறு சொல் வரம்பு வைத்த ஒரு போட்டிக்காக, 107 சொற்கள் இருந்த என் கதையில் துணைவினைகளை எல்லாம் முதல்வினையோடு ஒட்டி, ஓர் எழுத்தைக்கூட நீக்காமல் நூறுக்குக் கொண்டுவந்தேன். அது சுருக்கம் ஆகாது. இடைவெளித் தட்டைத் தொடாமல் இருந்ததற்குக் கிடைத்த பரிசு.

ஆகவே சொற்கணக்கைக் கைவிட்டுப் பக்கத்தை அளவாக எடுத்துக்கொண்டேன். இது புதிய யோசனை அல்ல. 'ஒரு பக்கக் கதை' என்று நம் வார இதழ்கள் நெடுங்காலமாகச் சொல்லிவந்த பெயரிலேயே அளவு இருக்கிறது. ஆங்கிலத்தில் இவ்வகைக் கதைகளுக்காக 1992இல் வெளிவந்த முக்கியமான தொகைநூல் ஒன்றின் பதிப்பாசிரியர்களில் ஒருவரான ஜேம்ஸ் தாமஸும், சிறிய அளவு இலக்கிய இதழொன்றின் எதிரெதிர்ப் பக்கங்கள் இரண்டில் அடங்கிவிடும் கதை என்றே வரையறுத்தார்; அவருடைய கணக்கில் அது ஏறத்தாழ 750 சொற்கள். என்னுடைய பக்கத்தில் 11 பாயின்ட் எழுத்து, 16 பாயின்ட் வரி உயரம், 105 மில்லிமீட்டர் அகலம், 30 வரிகள். தலைப்புக்கும் அதன் கீழுள்ள வெற்றிடத்துக்கும் ஏழு வரிகள் போக, முதல் பக்கத்துக்கு 23 வரிகள் எஞ்சும். ஒரு வரிக்கு ஐந்து அல்லது ஆறு தமிழ்ச் சொற்கள் நிற்கும். எனவே இரு பக்கக் கதை என்பது எனக்கு 53 வரிகள், சுமார் 280 சொற்கள். புத்தகத்தை விரித்துப் பிடித்தால் கதை முழுவதும் கண்முன் இருக்க வேண்டும், தாளைப் புரட்டவே கூடாது என்பதை விதியாக வைத்தேன்.

கழிப்பது கடினமாக இருக்கும் என்று நினைத்தேன், இல்லை. ஒரு கதையின் முடிவு தெரிந்தபிறகு அதை மறுபடியும் வாய்விட்டுப் படித்தேன். இரண்டாம் வாசிப்பில் எதுவும் எஞ்சாவிட்டால் அது கதை அல்ல, துணுக்கு. அப்படி 14 போயின. இன்னும் 12 கதைகள் வேறு விதமாகத் தோற்றன: அவை நீண்ட கதைகளின் சுருக்கங்களாக இருந்தன. 'பல ஆண்டுகள் உருண்டோடின' என்ற தொடரோ அதன் உறவினரோ எந்தக் கதையில் வந்தாலும் அது பெரும்பாலும் இந்த இனத்தைச் சேர்ந்ததாகவே இருந்தது. குறுங்கதை ஒரு தருணத்தில் நின்றுகொண்டு மற்றதை வாசகர் ஊகிக்கவிட வேண்டும். இவையோ இருபது ஆண்டுகளை ஒரு பத்தியில் அடைத்துக்கொண்டு மூச்சுத் திணறின. மீதம் 42.

திருத்தும் வேலையில் ஒன்றை மட்டும் விரிவாகச் சொல்கிறேன், ஏனென்றால் தொகுப்பின் முதல் கதையாக அதுவே நிற்கிறது. மூலத்தில் அதன் பெயர் 'ஏணி'. தகப்பனார் இறந்ததும் சகோதரர்கள் சண்டையிட்டு வீட்டை இரண்டாகப் பிரிக்க முடிவெடுக்கிறார்கள் என்று மூன்று வாக்கியங்களில் தொடங்கி, கடைசியில் 'உறவு என்பதும் அந்த ஏணி போலத்தான்' என்று முடிந்திருந்தது. முதலில் தலைப்பை மாற்றினேன். 'பாகப்பிரிவினை' என்று வைத்த உடனே தொடக்கத்து மூன்று வாக்கியங்களும் வேலையற்றுப் போயின. தலைப்பே அவற்றைச் சொல்லிவிட்டது. பிறகு கடைசி வரியை எடுத்தேன். அதை எழுதியபோது எனக்கு அது மிகவும் பிடித்திருந்தது என்பதையும் ஒப்புக்கொள்ள வேண்டும். இப்போது கதை முழுவதும் இவ்வளவுதான்:

"பாத்திரங்களை எண்ணிப் பிரித்தார்கள். கிணற்றுக்கு நாள் கணக்கு வைத்தார்கள். நடுவில் எழுந்த சுவர் ஆளுயரத்தைத் தாண்டியது. ஏணி ஒன்றுதான் இருந்தது. விட்டுக்கொடுக்க யாருக்கும் மனமில்லாமல், சாரம் பிரிக்கும் முன்பே சுவரின்மேல் கிடத்தினார்கள். மழைக்காலத்தில் இரண்டு பக்கத்துக் கூரைகளும் ஒழுகின. அண்ணன் அண்ணாந்து பார்த்தான். ஏணியை எடுக்க ஓர் ஏணி வேண்டியிருந்தது."

இதில் 'சாரம் பிரிக்கும் முன்பே' என்ற மூன்று சொற்கள் முதல் திருத்தத்தில் இல்லை. என் முதல் வாசகரான நண்பர் படித்துவிட்டு, "எடுக்க ஏணி வேண்டும் என்றால், வைக்கும்போது எப்படி ஏறினார்கள்?" என்று கேட்டார். நியாயமான கேள்வி. நாவலில் இத்தகைய ஓட்டையை வாசகர் மன்னித்து நகர்ந்துவிடுவார். முப்பது சொற்களுக்குள் ஓர் ஓட்டை இருந்தால் கதையே அதன் வழியாக ஒழுகிவிடும். குறைத்துக்கொண்டே போவதுதான் குறுங்கதையைத் திருத்தும் முறை என்று நம்பியிருந்த எனக்கு, மூன்று சொற்களைச் சேர்த்ததால் ஒரு கதை இறுகியது அப்போதுதான் தெரியவந்தது.

கதைகள் தயாரானதும் எழுதிய கால வரிசையிலேயே அடுக்கி, சாதாரணத் தாளில் அச்செடுத்து அதே நண்பரிடம் கொடுத்தேன். ஒரே அமர்வில் படிக்கத் தொடங்கியவர் ஒன்பதாம் கதையோடு நிறுத்திவிட்டார். "ஒவ்வொரு கதையும் கடைசி வரியில் பின்னாலிருந்து தட்டுகிறது. ஆறாவது கதையிலிருந்து நான் முதுகைக் காட்டாமல்தான் படித்தேன்" என்றார். தனித்தனியே இதழ்களில் வந்தபோது திருப்பமாக இருந்தவை அனைத்தும், வரிசையாக நின்றபோது பழக்கமாகிவிட்டிருந்தன.

அன்றே 42 அட்டைகள் வெட்டினேன். ஒவ்வோர் அட்டையிலும் தலைப்பு, முதல் வரி, கடைசி வரி, கதையைச் சொல்பவர் யார் என்பன. மூலையில் முடிவின் தன்மைக்கு ஒரு நிறப்புள்ளி. திருப்பத்தோடு முடிபவற்றுக்குச் சிவப்பு, கதவைச் சாத்திக்கொண்டு முடிபவற்றுக்குக் கறுப்பு, திறந்தபடி விட்டுவிடுபவற்றுக்குப் பச்சை. அட்டைகளைத் தரையில் பரப்பிவிட்டு எழுந்து நின்று பார்த்தபோது, 19 சிவப்புகள் தரையில் அம்மை போட்டதுபோலத் தெரிந்தன. ஒன்பது கதைகளில் ஒருவர் இறந்தார். அவற்றுள் நான்கு மரணங்கள் அடுத்தடுத்து நிகழ்ந்தன. கடைசி வரிகளை மட்டும் மேலிருந்து கீழாகப் படித்தபோது, ஐந்து கதைகள் யாரோ ஒருவர் சிரிப்பதோடும் அழுவதோடும் முடிவதும் தெரிந்தது. எழுதும் காலத்தில் ஒரு கதைக்கும் அடுத்த கதைக்கும் இடையே பல மாதங்கள் இருந்ததால் நான் கவனிக்காதவை இவை. வாசகருக்கோ அந்த இடைவெளி ஒரு தாளின் தடிமன்தான்.

வரிசைப்படுத்த இரண்டு வாரங்கள் ஆயின. இரண்டு சிவப்புகள் அடுத்தடுத்து வரக்கூடாது என்பது எளிதாகக் கைகூடியது. கடினமாக இருந்தது எதிரெதிர்ப் பக்கங்களில் நிற்கும் ஒரு பக்கக் கதைகளைத் தேர்வது. இடப்பக்கக் கதையை முடிக்கும்போது கண் தானாகவே வலப்பக்கத்தின் தலைப்பில் விழுகிறது. காணாமற்போன ஒருவரின் செருப்பைப் பற்றிய கதைக்கு எதிரில் 'வெறுங்காலோடு ஒரு மாப்பிள்ளை' என்ற நகைச்சுவைக் கதை தற்செயலாக வந்து நின்றபோது, இரண்டுமே கெட்டன: முதலாவது கேலிக்குரியதாயிற்று, இரண்டாவது கொடூரமாயிற்று. இத்தனைக்கும் இரண்டிலும் ஓர் எழுத்துகூட மாறவில்லை. இதற்கு மாறாக, ஒரே நிகழ்வை இரு வேறு ஆண்டுகளில் இரு வேறு பாத்திரங்கள் வழியாக நான் எழுதியிருந்த இரண்டு கதைகளை எதிரெதிரே வைத்தபோது, எழுதப்படாத மூன்றாவது கதை ஒன்று நடுமடிப்பில் உருவானதுபோலிருந்தது. சிறந்த கதையை முதலில் வைக்க வேண்டும் என்று சிலர் அறிவுறுத்தினார்கள். நான் அப்படிச் செய்யவில்லை. முதல் கதை வாசிக்கும் வேகத்தை வாசகருக்குக் கற்றுத்தர வேண்டும். 30 வரிகள் கொள்ளும் பக்கத்தில் ஏழே வரிகளில் நின்றுவிடும் 'பாகப்பிரிவினை' அந்த வேலையைச் செய்கிறது.

திருப்பக் கதைகள் மூன்றில் கடைசி வரியை மட்டும் அடுத்த தாளுக்குத் தள்ளிப் பார்த்தேன். வாசகர் தாளைத் திருப்பியதும் வெற்றுப் பக்கத்தின் தலையில் அந்த ஒரு வரி மட்டும் நிற்கும். முதல் முறை பார்த்தபோது நன்றாகத்தான் இருந்தது. இரண்டாம் முறை வித்தை காட்டுவதுபோலிருந்தது. மூன்றையும் பழையபடி மாற்றிவிட்டேன்.

பக்க வடிவமைப்பில் இரு சிக்கல்கள். முதலாவது, மென்பொருளில் இந்திய மொழிகளுக்கான எழுத்தமைப்பு முறையைத் தேர்ந்தெடுக்க மறந்ததால் கொம்புகள் எல்லாம் எழுத்துக்குப் பின்னால் போய் நின்றன; இது ஒரு சொடுக்கில் தீர்ந்தது. இரண்டாவது தீரவில்லை. தமிழ்ச் சொற்கள் நீளமானவை, என் வரியோ 105 மில்லிமீட்டர். இரு ஓரங்களையும் நேராக்கினால் சில வரிகளில் நான்கே சொற்கள் பல்லிளித்துக்கொண்டு நிற்கும். சொல்லை உடைக்க அனுமதித்தால் வரிக்கு வரி இணைப்புக்கோடு வரும். நாவலாக இருந்திருந்தால் இடைவெளிகளைப் பொறுத்துக்கொண்டிருப்பேன். ஏழு வரிக் கதையில் ஒவ்வொரு வரியும் கண்ணில் படும் என்பதால், இடது ஓரத்தை மட்டும் நேராக வைத்து வலது ஓரத்தை ஏற்ற இறக்கமாக விட்டேன். 'கவிதைப் புத்தகம்போல இருக்கிறதே' என்று ஒருவர் குறைப்பட்டார். இருக்கட்டும்.

பிறகு மாதிரிப் பிரதி. ஏ4 தாள்கள் நான்கை ஒன்றுக்குள் ஒன்றாக வைத்து மடித்தால் ஏ5 அளவில் 16 பக்கம் கொண்ட ஒரு ஃபாரம் கிடைக்கும். ஐந்து ஃபாரங்களை ஊசிநூலால் தைத்தால் 80 பக்கப் புத்தகம். திரையில் பக்கங்களைப் பார்ப்பதும் கையில் புரட்டுவதும் ஒன்றல்ல என்பதால் இதைச் செய்தேன். பக்க எண்கள் இன்னும் இடப்படாத நிலையில் தைத்ததால், மூன்றாம் ஃபாரத்தில் வெளியிலிருந்து இரண்டாவது தாளும் மூன்றாவது தாளும் இடம் மாறியதை நான் கவனிக்கவில்லை. அதன் விளைவாக 34ஆம் பக்கத்துக்கு எதிரே 35 நிற்க வேண்டிய இடத்தில் 37 நின்றது. அதாவது ஒரு கதையின் முதல் பாதிக்கு எதிரில் அடுத்த கதையின் பின்பாதி. மாதிரியைப் படித்த இன்னொரு நண்பர் அந்த ஃபாரத்தில் சில கதைகள் குழப்புகின்றன என்றார். ஆனால் 34இல் தொடங்கும் கதையைப் பற்றி மட்டும், "இதன் முடிவு எதிர்பாராதது, நன்றாக வந்திருக்கிறது" என்று குறிப்பெழுதியிருந்தார்.

வெட்கத்தோடு இரண்டு கதைகளையும் எடுத்து அருகருகே வைத்துப் பார்த்தேன். இரண்டின் முடிவிலும் ஒருவர் பூட்டிய கதவின்முன் நின்றுகொண்டிருந்தார். எந்தக் கதவு, எந்த மனிதர் என்பது மாறினாலும் பெரிதாக எதுவும் மாறவில்லை. எந்தக் கதைக்கும் பொருந்தும் முடிவு எந்தக் கதைக்கும் உரியதல்ல என்பதால், ஒன்றை முற்றிலும் நீக்கி, மற்றதன் முடிவைப் புதிதாக எழுதினேன். 42 என்பது 41 ஆனது அந்தத் தாள்களின் புண்ணியத்தில்தான்.

இப்போதைய கணக்கு இது: முன்பக்கங்கள் 8, ஒரு பக்கக் கதைகள் 26, இரு பக்கக் கதைகள் 15க்கு 30 பக்கங்கள், இறுதிப் பக்கங்கள் 4. மீதமுள்ள 12 பக்கங்கள் வெறுமையானவை. இரு பக்கக் கதை எப்போதும் இடப்பக்கத்தில், அதாவது இரட்டைப்படை எண்ணில் தொடங்க வேண்டியிருப்பதால், அதற்குமுன் ஒரு பக்கக் கதைகளின் எண்ணிக்கை சரியாக வராத இடங்களில் ஒரு வெற்றுப் பக்கம் கட்டாயமாகிறது. கட்டாயத்துக்காக வந்தவை ஆறு. மற்ற ஆறையும் நானே விரும்பி வைத்தேன், பெரும்பாலும் மரணக் கதைகளுக்குப் பின்னால். நண்பர்களில் ஒருவர் அவற்றில் கோட்டோவியங்கள் சேர்க்கலாம் என்றார். ஓவியம் நின்றால் அதையும் வாசிக்க வேண்டியிருக்கும். அந்த இடத்தில் வாசகருக்கு எந்த வேலையும் கொடுக்காமல் இருப்பதே என் நோக்கம்.

பொருளடக்கத்தைப் புத்தகத்தின் கடைசிக்கு மாற்றினேன். 41 தலைப்புகள் வரிசையாக நிற்கும் பட்டியல் நுழைவாயிலில் நின்றால் களைப்பு கதவிலேயே தொடங்கிவிடுகிறது. தவிர, 'பாகப்பிரிவினை'போலத் தலைப்பே கதையின் ஒரு பகுதியாக இருக்கும்போது, அதைக் கதையிலிருந்து பிரித்து முன்கூட்டியே காட்டுவது முதல் வாக்கியத்தை வேறெங்கோ படித்துக்காட்டுவதற்குச் சமம்.

முன்னுரை எழுதியதுதான் எல்லாவற்றிலும் மோசமான அனுபவம். முதல் வரைவு ஆறு பக்கங்கள் வந்தது. குறுங்கதையின் வரலாறு, வரையறை, என் எழுத்துமுறை, சில கதைகள் பிறந்த சூழல் என்று அனைத்தும் இருந்தன. ஒரு பக்கக் கதைகள் கொண்ட நூலுக்கு ஆறு பக்க முன்னுரை என்பது, ஆறடி வாசற்படி ஏறி மூன்றடி அறைக்குள் நுழைவதுபோல. ஒரு கதையைப் பற்றி நான் எழுதிய விளக்கம் அந்தக் கதையைவிட நீளமாக இருந்ததைக் கண்டதும் முழுவதையும் அழித்தேன். இப்போதைய முன்னுரையில் 11 வரிகள் உள்ளன. கதைகளை எந்த வரிசையிலும் படிக்கலாம், ஆனால் இந்த வரிசை யோசித்து வைக்கப்பட்டது. ஒரே மூச்சில் படிக்க வேண்டாம். வெற்றுப் பக்கங்கள் அச்சுப்பிழை அல்ல. இவற்றைத் தவிர அதில் நன்றி மட்டுமே இருக்கிறது.

பின்னட்டைக்கும் நான்கு அறிமுகக் குறிப்புகள் எழுதிக் கிழித்தேன். 'வாழ்வின் நுண்ணிய தருணங்களை' என்று தொடங்கும் எந்த வாக்கியமும் எந்தக் குறுங்கதைத் தொகுப்புக்கும் பொருந்தும். பூட்டிய கதவின் கதைதான் மறுபடியும். நாவலுக்குக் கதைச்சுருக்கம் தரலாம், குறுங்கதைக்குச் சுருக்கம் தந்தால் கதையையே தந்ததாகிவிடும். அப்படியானால் கதையையே தந்துவிடலாம் என்று, 61ஆம் பக்கத்திலுள்ள 48 சொல் கதையை முழுமையாகப் பின்னட்டையில் அச்சிட்டேன். அதன் கீழே ஒரு சொல்லும் சேர்க்கவில்லை. முதுகுப்பட்டையில் பெயர் போட முயன்றதைப் பற்றிச் சொல்ல அதிகம் இல்லை: 40 தாள்களின் தடிமன் ஏறத்தாழ நான்கு மில்லிமீட்டர், மேற்கொம்பும் கீழ்ச்சுழியும் உள்ள தமிழ் எழுத்து அதில் படிக்கும்படி நிற்காது. பட்டை வெறுமையாகவே இருக்கிறது.

இறுதி மெய்ப்பை மூன்று முறை பார்த்தேன்; மூன்றாவது முறை கடைசிக் கதையிலிருந்து முதல் கதையை நோக்கி, கதையில் மனம் ஈடுபட்டுப் பிழையைத் தவறவிடாமல் இருப்பதற்காக. அப்படியும் ஒன்று எஞ்சியிருக்கிறது. 52ஆம் பக்கத்துக் கதையின் கடைசி வாக்கியத்தில் 'இல்லை' என்ற சொல் மட்டும் தனி வரியில் ஒதுங்கிக் கிடக்கிறது. அதை மேல்வரிக்கு ஏற்ற வேண்டுமானால் அதற்கு முன்னுள்ள 'இன்னும்' என்ற சொல்லை நீக்க வேண்டும். நீக்கிப் பார்த்தேன், வரி ஒழுங்காயிற்று, ஆனால் அந்தப் பெண் காத்திருப்பதை நிறுத்திவிட்டாள். சொல்லைத் திரும்ப வைத்துக் கோப்பை அனுப்பிவிட்டேன்.